உளி செய்யத் தெரிந்த கொல்லர்

1848 ஜூலையில் ஆளுநர் டொரிங்டனின் நிர்வாகம் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் மட்டுமல்ல, துவக்குக்கும் கட்டணம் விதித்தது. அப்படியானால் அன்றைய மாத்தளை, கண்டிக் கிராமங்களில் துவக்கு புழக்கத்திலிருந்த பொருளாகவே இருந்திருக்க வேண்டும். அந்த வரிகளை எதிர்த்து மூண்ட மாத்தளைக் கிளர்ச்சியைச் சொல்லும்போது வீர புரன் அப்புவையும் கொங்காலேகொட பண்டாவையும் நினைவுகூர்கிறோம். கிராமத்து இடியன் துவக்குகளைப் பழுதுபார்த்த கொல்லர்களை நினைப்பதில்லை. 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்த கண்டி அரசின் பொருட்களில், புகழ்பெற்ற லெவ்கே பீரங்கியோடு இரண்டு பெரிய துவக்குகளும் இருந்தன. அவற்றைச் செய்த கருவிகளைப் பற்றி எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம். கைவினையின் உயிர் பொருளில் இருப்பதைவிடக் கருவியைச் செய்யும் அறிவில்தான் அதிகம் இருக்கிறது.

இடியன் துவக்கின் விசைப்பூட்டு, மரக்கட்டையில் மயிரிழை இடைவெளியும் இன்றிப் பதிய வேண்டும். கண்டித் துவக்குகள் பலவற்றில் அது இடப்பக்கம் இருக்கும். அடிக்கட்டையோ சுருண்டு வளைந்திருக்கும். அந்த வளைவுகளுக்கு ஏற்ற உளியும் சுரண்டியும் கடையில் கிடைப்பதில்லை. தேய்ந்த அரத்தைக் கரியுலையில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் இரும்பு இளகும். வேண்டிய வடிவத்துக்கு ராவி, மீண்டும் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். ஆனால் அந்த நிலையில் உடையக்கூடியது. ஆகவே துலக்கிவிட்டு, வைக்கோல் மஞ்சள் ஏறும் வரை இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். அந்த நிறத்தைக் கண்ணால் பிடிக்கத் தெரிந்தவர்தான் கருவி செய்யத் தெரிந்தவர். அமெரிக்காவில் பாகங்களை வாங்கி இடியன் துவக்குகளைக் கோர்ப்பவர்கள் சிலரும் இன்று தங்கள் சுரண்டிகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நம் மாத்தளை மாவட்டத்தின் ஹபுவிடவில் அரக்கு வேலை செய்வோர் ஒருபடி மேலே போய், சூடாக்கி இழையாக இழுத்த அரக்கைப் பெருவிரல் நகத்தாலேயே அழுத்தி வரைகிறார்கள். அங்கே நகமே கருவி.

இந்தக் கருவி செய்யும் அறிவைக் காப்பது துவக்குத் தொழிலுக்கு வழிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. அனுமதியின்றித் துவக்கு செய்வதை 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. கட்டுத்துவக்கில் மனிதரும் விலங்கும் பலியாவதை நாம் அறிவோம். அந்தத் தடையைத் தளர்த்தக் கூடாது. நான் காக்கச் சொல்வது துவக்கை அல்ல. உளியை, சுரண்டியை, துறப்பணத்தை. அவற்றைச் செய்யும் அறிவு மேளம் கடைபவருக்கும் தளபாடம் செதுக்குபவருக்கும் பித்தளை வேலைக்காரருக்கும் ஒன்றுதான். மலிவான தொழிற்சாலைக் கருவி போதாதா என்பது இன்னொரு கேள்வி. நேர் கோட்டு வேலைக்கு அது போதும். வளைவுக்கும் பழுதுக்கும் போதாது. முறிந்தால் இன்னொன்று வாங்கத்தான் வேண்டும். இவற்றையெல்லாம்விடக் கடினமான மறுப்பு, உலைக்களத்தோடு ஒட்டிய சாதி இழிவு. பிள்ளைகள் பட்டறையை விட்டுப் போவதற்கு அது உண்மையான காரணம். கெஞ்சி அவர்களைத் திருப்ப முடியாது. சான்றிதழும் கூலியும்தான் திருப்பும்.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் கண்டிக் கைவினைகளை நூலாக்கியபோது கைவினைஞரின் வேலைமுறைகளையும் பதிவு செய்தார். அந்தப் பணி தொடரப்பட வேண்டும். தேசிய அருங்கலைகள் பேரவை மாத்தளைப் பட்டறைகளில் எஞ்சியிருக்கும் கருவிகளை, அவற்றைச் செய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே படம்பிடித்து விளக்கத்தோடு பதியட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் முதல் பாடமாக, மாணவர் ஒவ்வொருவரையும் தமக்கான உளியைத் தாமே செய்ய வைக்கட்டும்.