ஓய்வு நேரக் கைவேலை: உரிந்த வர்ணம்

பொம்மை லாரி ஒன்றை அரும்பாடுபட்டுச் செய்து, பளபளவென்று வர்ணமும் பூசிய பிறகு, அதை வேண்டுமென்றே பழையதாக்குவானேன் என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். புதுச்சத்திரத்தில் சாலையோரமாகச் சற்று நேரம் நின்றால் விடை கிடைத்துவிடும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவ்வூர் வழியாகவே போகிறது. லாரிக்குப் பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லும் அருகிலேயே இருக்கிறது. அச்சாலையில் ஓடுபவை உழைக்கும் வண்டிகள். உழைப்பின் அடையாளம் இல்லாவிட்டால், நம் லாரி பாரமே ஏற்றாத வண்டியாகத்தான் தோன்றும்.

ஆயினும், கண்ட இடமெல்லாம் சுரண்டுதல் தகாது. டிரைவர் கால் வைத்து ஏறும் படி, கை பிடிக்கும் கதவோரம், மூட்டை உரசும் பலகை விளிம்பு, கல் தெறிக்கும் முன்புறம் ஆகிய இடங்களில்தான் வர்ணம் முதலில் போகும். அடியில் தெரிவது யாது என்பதும் முக்கியம். இரும்பானால் ரெட் ஆக்ஸைடு பூச்சின் காவி நிறமும், அதற்கும் அடியில் துருவும் தெரியும். பலகையானால் நரைத்த மரமே தெரியும். மரம் துருப்பிடிக்காது, போல்ட்டுகளின் துருவை மழைநீர் அதன்மேல் கீழ்நோக்கி வழியச் செய்யும். எப்.ஸி. வாங்குவதற்காக மறுவர்ணம் பூசிய வண்டியில் பழைய வர்ணமும் இடையே எட்டிப் பார்க்கும்.

செய்முறை எளிது. இரும்புப் பாகங்களுக்கு நீரில் கரையாத காவி வர்ணத்தை முதலில் பூசி நன்றாகக் காயவிடுக. உரியவேண்டிய இடங்களை மட்டும் நனைத்து, ஒன்றிரண்டாகப் பொடித்த உப்பைத் தூவுக. நீர் உலர்ந்ததும் உப்பு ஒட்டிக்கொள்ளும். பிறகு மேல்வர்ணத்தை ஸ்பிரே செய்ய வேண்டும். பிரஷினால் இழுத்தால் உப்பு பெயர்ந்துவிடும். வர்ணம் காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்து நீரில் கழுவினால், காவி தலைகாட்டும். நுண்ணிய புள்ளிகளுக்கு, ஸ்பாஞ்சுத் துண்டை வர்ணத்தில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றியெடுத்து, விளிம்பை லேசாகத் தொட்டால் போதும்.

அளவில் ஜாக்கிரதை வேண்டும். 24-இல் ஒரு பங்கு அளவுள்ள பொம்மையில் 1 மில்லிமீட்டர் புள்ளி, உண்மை லாரியில் 24 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஓர் அங்குலம். 72-இல் ஒரு பங்கானால் அதுவே நான்கு விரற்கடை அளவாகிவிடும். ஆகையால், வீட்டுக் குழந்தைகளுடன் சாலையோரத்தில் நிற்கும் பழைய லாரியொன்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன்பின் உப்பைக் கையில் எடுங்கள்.