மான் வேட்டைத் தோட்டா: ஈயமா, தாமிரமா? மேலை நாடுகளில் ஏன் இவ்வளவு பெரிய சண்டை?

நீங்கள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் மாதம், வேட்டை சீசன். பக்கத்து சீட்டில் இருப்பவர் "போன வாரம் நானே சுட்டது" என்று சொல்லி ஒரு பாக்கெட் மான் கறியைக் கையில் கொடுக்கிறார். நன்றி சொல்லி வாங்குவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "எந்த புல்லட்ல சுட்டீங்க?"

இது அரட்டைக்கான கேள்வி இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் எல்லா வகை வேட்டைக்கும் ஈயத் தோட்டாவைத் தடை செய்துவிட்டது. டென்மார்க் 2024 ஏப்ரல் 1 முதல் ரைஃபிள் வேட்டையிலும் ஈயத்தை நிறுத்தியது. வேட்டையில் ஈயத்துக்குத் தடை வரும், மாறிக்கொள்ள மூன்றாண்டு அவகாசம் உண்டு என்று பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலோ சண்டை இன்னும் ஓயவில்லை.

இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மானைச் சுடுவது குற்றம். அப்புறம் நமக்கு எதற்கு இந்தக் கதை? காரணம் இருக்கிறது. முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

தோட்டா வேறு, புல்லட் வேறு

நாம் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, முனையில் குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். அதில் பறந்துபோய் மானைத் தாக்கும் முனைப் பகுதி மட்டும்தான் புல்லட்.

வேட்டைக்காரர்கள் பல தலைமுறையாக விவாதித்தது தோட்டாவைப் பற்றி. 1906-ல் ராணுவத்துக்காக வந்த .30-06, 1925-ல் வந்த .270 வின்செஸ்டர், 1952-ன் .308 வின்செஸ்டர், 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர் என்று ஒவ்வொன்றுக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. உண்மையில் சாதாரண தூரத்தில் ஒரு மானுக்கு இவற்றில் எதுவுமே போதும். இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் கிட்டத்தட்ட ஒரு டிபன் தட்டு அளவுதான். அங்கே சரியாகப் பட்டால் மான் சில நொடிகளில் விழுந்துவிடும். படாவிட்டால் எவ்வளவு பெரிய தோட்டாவும் உதவாது. சொல்லப்போனால், தோளில் பலமாக உதைக்கும் பெரிய தோட்டாவுக்குப் பயந்து சுடுபவர் கண்ணை மூடிவிட்டால் குறி தவறும், மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ துடித்துச் சாகும்.

அதனால் முக்கியமான கேள்வி, மானின் உடம்புக்குள் போன பிறகு அந்த புல்லட் என்ன செய்கிறது என்பதுதான்.

போரில் தடை, வேட்டையில் கட்டாயம்

இங்கே ஒரு இந்தியத் தொடர்பு இருக்கிறது. கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில், ஆங்கிலேயர் காலத்தில் ஓர் ஆயுதச் சாலை இருந்தது. 1890-களில் அங்கே தயாரான புல்லட், உடம்புக்குள் நுழைந்ததும் மொட்டு மலர்வது போல விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கும். 'டம்டம் புல்லட்' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது அப்படித்தான். இது கொடூரம் என்று சொல்லி, 1899-ல் ஹேக் மாநாட்டின் பிரகடனம் விரியும் புல்லட்களைப் போரில் தடை செய்தது.

வேட்டையில் நிலைமை நேர் எதிர். இங்கிலாந்தின் 1991 மான்கள் சட்டம், மானைச் சுடும் ரைஃபிள் புல்லட் விரியும் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. விரியாத புல்லட் ஊசி போலத் துளைத்து வெளியேறிவிடும், மான் உடனே சாகாது. போர் வீரனுக்குக் கொடுமை என்று ஒதுக்கியதையே, மானுக்குக் கருணை என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள்!

நன்றாக விரிய வேண்டுமென்றால் உலோகம் மென்மையாக இருக்க வேண்டும். கனமாகவும் விலை மலிவாகவும் இருந்தால் இன்னும் நல்லது. மூன்றும் சேர்ந்த உலோகம் ஈயம்.

ஈயத்தில் என்ன பிரச்சினை?

'எங்க பாட்டி ஈயச் சொம்புலதானே ரசம் வெச்சாங்க' என்று நீங்கள் நினைக்கலாம். அது வெள்ளீயம், அதாவது தகரத்துக்கு நெருக்கமான டின் உலோகம். புல்லட்டில் இருப்பது காரீயம். மூளையையும் நரம்புகளையும் தாக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கு இதில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது.

வேகமாகப் போகும் ஈய புல்லட் எலும்பில் மோதும்போது விரிவதோடு நிற்பதில்லை, நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறுகிறது. குண்டு போன பாதையிலிருந்து ஓர் அடி தள்ளிக்கூடத் துணுக்குகள் கிடக்கலாம். பல துணுக்குகள் கண்ணுக்கே தெரியாது, பல்லில் கடிபடாது.

வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்காக உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான் கறியில் ஈயத் துணுக்குகள் இருந்தது 2008-ல் தெரியவந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அங்கே 738 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. வேட்டைக் கறி சாப்பிட்டவர்களிடம் ஈயம் கூடுதலாக இருந்தது. வித்தியாசம் சிறியதுதான், யாரும் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அளவு இல்லை. ஆனாலும் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் ஈய புல்லட்டால் சுட்ட கறியைத் தவிர்க்கும்படி மாநில சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

பறவைகளின் நிலை இன்னும் மோசம். வேட்டைக்காரர் கறியை எடுத்துக்கொண்டு குடலைக் காட்டிலேயே விட்டுப்போவது வழக்கம். அதைக் கழுகுகள் தின்கின்றன. அவற்றின் இரைப்பை அமிலம் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்த ஆய்வு 2022-ல் வெளியானது. கிட்டத்தட்ட பாதிக் கழுகுகளில் நாள்பட்ட ஈய நஞ்சின் அடையாளம் இருந்தது. 1987-ல் உலகத்திலேயே 27 மட்டும் மிஞ்சியிருந்த கலிஃபோர்னியா காண்டர் பறவையை, கூண்டில் இனப்பெருக்கம் செய்து காப்பாற்றிக் காட்டில் விட்டார்கள். அவற்றின் சாவுக்கு இன்றும் முதன்மைக் காரணம் ஈயம்தான்.

தாமிரம் அதே வேலையைச் செய்யுமா?

செய்கிறது, சில நிபந்தனைகளோடு. தாமிர புல்லட் பூ இதழ்கள் போல விரியும், ஆனால் பெரும்பாலும் சிதறாது. எடை கிட்டத்தட்ட அப்படியே மிஞ்சும்.

நிபந்தனைகள் என்ன? தாமிரம் ஈயத்தைவிட லேசான உலோகம். அதே எடைக்குச் செய்தால் புல்லட் நீளமாகிவிடும், எல்லாத் துப்பாக்கியிலும் அது நிலையாகப் பறக்காது. அதோடு, தாமிரம் விரிய வேகமும் அதிகம் தேவை. அதனால் .308-ல் 165 கிரெய்ன் ஈய புல்லட்டைப் பயன்படுத்தியவர், தாமிரத்தில் 150 கிரெய்னுக்கு, அதாவது சுமார் 9.7 கிராமுக்கு, இறங்குவது நல்லது. வெகு தூரத்தில் வேகம் குறைந்துவிடும் என்பதால் அங்கே சுடாமல் இருப்பதும் நல்லது. புதிய புல்லட்டுக்கு மாறினால் துப்பாக்கியின் குறியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பிறகு ஏன் எதிர்ப்பு?

முதல் காரணம் காசு. தாமிரத் தோட்டாவின் விலை பெரும்பாலும் அதிகம், பழைய ரக ரைஃபிள்களுக்கு எளிதில் கிடைப்பதும் இல்லை. இரண்டாவது காரணம் சந்தேகம். 'இன்று ஈயத்துக்குத் தடை, நாளை வேட்டைக்கே தடை' என்று பலர் பயப்படுகிறார்கள். 1937-ல் இருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் 11% வரை போகும் கூட்டாட்சி வரிதான் அமெரிக்க வனவிலங்குப் பாதுகாப்புக்கு நிதி தருகிறது. 'காட்டுக்குக் காசு கொடுப்பதே நாங்கள்தான், எங்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா?' என்ற கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

அதனால் இது அரசியலாகவும் ஆனது. ஒபாமா ஆட்சி முடிவதற்கு முந்தைய நாள், 2017 ஜனவரி 19 அன்று, கூட்டாட்சி வனவிலங்குச் சரணாலயங்களில் ஈயத் தோட்டாவைப் படிப்படியாக நிறுத்தும் உத்தரவு வந்தது. அதே மார்ச் 2 அன்று, டிரம்ப் அரசின் புதிய உள்துறைச் செயலர் பதவியேற்ற மறுநாளே அதை ரத்து செய்தார்.

அரிசோனா மாநிலம் வேறு வழியில் போனது. தடை போடவில்லை. காண்டர் வாழும் பகுதியில் வேட்டை அனுமதி பெற்றவர்களுக்கு 2005 முதல் ஈயமில்லாத தோட்டாவை இலவசமாகக் கொடுத்து, காரணத்தையும் விளக்கியது. எந்தக் கட்டாயமும் இல்லாமல் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒத்துழைத்தார்கள்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த கதை

இப்போது இந்தியாவுக்கு வருவோம். நம் நாட்டில் வெண்முதுகுப் பாறு கழுகுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. காரணம் துப்பாக்கி இல்லை, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அது கெடுத்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பி மருந்து மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைக்க வேண்டியிருந்தது. கழுகைக் கொல்லாத மெலோக்சிகாம் மருந்து விவசாயியின் கைக்கு எட்டியதும் முக்கியம். நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் வட்டமிடும் பாறு கழுகுகளின் எதிர்காலம் இதில்தான் தொங்குகிறது.

இரண்டு கதையிலும் கொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை. வேட்டைக்காரர் மானைப் பார்த்தார், விவசாயி மாட்டைப் பார்த்தார். மிச்சத்தை யார் தின்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. தீர்வும் ஒன்றுதான்: சட்டம் வேண்டும், கூடவே அதே வேலையைச் செய்யும் மாற்றுப் பொருள் கட்டுப்படியாகும் விலையில் கையில் இருக்க வேண்டும். மாற்று இல்லாத தடை ஏமாற்றுக்கு வழி காட்டும்.

சரி, அந்த மான் கறி பாக்கெட்? "தாமிர புல்லட்" என்று பதில் வந்தால் தாராளமாக வாங்கிச் சமையுங்கள். "ஈயம்" என்றால், காயத்தைச் சுற்றி நிறைய வெட்டி எறிந்தாரா என்று கேளுங்கள். கொத்துக்கறி என்றால் கூடுதல் கவனம் தேவை, துணுக்குகள் அதில் எல்லாப் பக்கமும் கலந்திருக்கும். வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால், புன்னகையோடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.