கையெழுத்து யாருடையது?

காலையில் வாங்கிய பித்தளைக் குடம் மாலையில் ஒழுகினால் நம் வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பதில்லை. பில்லைத் தேடி எடுத்து, கடைக்காரரிடம் நியாயம் கேட்டு, வேறு குடத்துடன்தான் திரும்புவார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் உடம்புக்கே கேடு நேர்ந்துவிட்டால், "என் தலையெழுத்து" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கேட்பதற்கு வழியில்லை என்ற எண்ணந்தான் காரணம். வழி இருக்கிறது, சகோதரிகளே!

காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் ஒரு சேவை. அதில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டப்படி நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எல்லோருக்குமே இலவசமாக வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிகளுக்கு இது பொருந்தாது. ஆனால், சிலரிடம் பணம் வாங்கி, ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் இடமானால், அந்த ஏழைக்கும் கேட்கும் உரிமை உண்டு.

அதற்காக, நோய் குணமாகவில்லை என்றாலே டாக்டர் மீது கேஸ் போட்டுவிடலாம் என்று எண்ணக் கூடாது. கட்டாயம் குணமாகும் என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்து கொடுக்க முடியாது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் காட்டும் கவனத்தை இவர் காட்டினாரா என்பதே கேள்வி.

1996-ல் சென்னை எழும்பூர் அரசு தாய்சேய் ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை கெடக்கூடும். தக்க காலத்தில் கண்ணைப் பரிசோதித்தால் காப்பாற்ற வழியுண்டு. அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. நடத்தும்படி பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2015-ல் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. போன கண் திரும்பவில்லை. ஆனால் தவறு யாருடையது என்பது தெரிந்தது.

பெண்கள் அவசியம் அறிய வேண்டியது இன்னொரு வழக்கு. டில்லியில் 1995-ல், மணமாகாத ஒரு பெண்மணி உள்ளே என்ன கோளாறு என்று சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள்! 'இது செல்லாது' என்றது 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு. உயிருக்கு ஆபத்தான அவசரமில்லாதபோது, நோயாளி கண் விழிக்கும்வரை காத்திருந்து அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும். பெற்ற தாயின் சம்மதமே செல்லாது என்றால், கணவர் கையெழுத்து மட்டும் எப்படிச் செல்லும்? உடம்பு யாருடையதோ, கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும்.

குறை நேர்ந்தால் என்ன செய்வது? முதலில் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து விதி. பில், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எதையும் எறிந்துவிடாதீர்கள். அதே துறையைச் சேர்ந்த வேறொரு டாக்டரின் அபிப்பிராயம் கிடைத்தால் பெரிய பலம். 2019-ம் வருஷத்துச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் 2 வருஷத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். அழுது ஆறுவதற்குள் கெடு தாண்டிப் போன குடும்பங்கள் உண்டு.

அடுத்த தடவை நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டினால், பேனாவை வாங்குமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல டாக்டர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.