ஆசிரியர் மிகையல்லர், பணியிடங்களே குறை

ஆசிரியப் பயிற்சி முடித்துத் தகுதித் தேர்விலும் வென்று, பணி கிடைக்காமல் காத்திருப்போரை நோக்கி இன்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஓர் அறிவுரை வீசப்படுகிறது: “பள்ளியையே நம்பியிராதீர்கள், நல்ல சலுகைகளுடன் மாற்றுத் தொழில்கள் எத்தனையோ உள்ளன.” இணையவழிக் கல்வி நிறுவனங்கள், பாடப்பொருள் எழுதுதல், நிறுவனப் பயிற்சியாளர், காப்பீட்டு முகவர் எனப் பட்டியல் நீள்கிறது. தனி மனிதர் ஒருவர் வயிற்றுப்பாட்டிற்காக எந்த நேர்மையான தொழிலை நாடினாலும் அது மதிக்கத்தக்கதே. ஆனால் ஒரு சமூகம் தன் ஆசிரியர்களைப் பார்த்து இந்த அறிவுரையைக் கூறுமாயின், அதன் பொருள் வேறு. வேலையின்மை என்னும் அரசின் தோல்வி, தொழிலைத் தேர்ந்தெடுக்கத் தெரியாத இளைஞரின் தோல்வியாக உருமாற்றப்படுகிறது.

இந்த அறிவுரையை உரசிப் பார்க்கக் குமுளியைவிடத் தக்க இடம் வேறில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து லோயர் கேம்ப் வழியாக மலையேறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள், இப்பகுதியில் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற தலைமுறையினர். தோட்ட வேலையிலிருந்து அவர்கள் வெளியேறக் கண்ட ஒரே கண்ணியமான வாயில் ஆசிரியப் பயிற்சி. கடன்பட்டுப் பெற்ற அந்தச் சான்றிதழோடு ஊர் திரும்புவோருக்கு இங்குள்ள ‘மாற்றுத் தொழில்கள்’ யாவை? தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுதல், தங்கும் விடுதிகளில் கணக்கெழுதுதல், நறுமணப் பொருள் கடையில் விற்பனைக்கு நிற்றல், தனியார் ஆங்கிலப் பள்ளியில் சொற்ப ஊதியத்திற்குக் கற்பித்தல். பருவம் தவறினால் முதலிரண்டும் இல்லை; கோடை விடுமுறை வந்தால் கடைசியும் இல்லை.

பெருநகர்களின் மாற்றுத் தொழில் மட்டும் உறுதியானதா? கேரளத்தைச் சேர்ந்தவர் நிறுவி, 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையதாகக் கொண்டாடப்பட்ட பைஜூஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கான பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு அதுவே கனவுப் பணியிடமாகக் காட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 2,500 பேரை வெளியேற்றப் போவதாக அது அறிவித்தது. திருவனந்தபுரம் அலுவலகத்தின் ஊழியர்கள் நல அமைப்பொன்றின் துணையோடு மாநிலத் தொழிலாளர் அமைச்சரிடம் முறையிட்ட பின்னரே அந்த அலுவலகத்தை மூடும் முடிவு கைவிடப்பட்டது. 2024 ஜூலையில் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்தப்பட்டது. மூலதனத்தின் ஊக வேட்டையில் ஆசிரியர் ஒரு செலவினம் மட்டுமே. அந்த ஊழியர்களுக்குச் சிறிதேனும் காப்பாக நின்றது ஒன்றுபட்ட குரலேயன்றி, நிறுவனம் வாக்களித்த சலுகைகள் அல்ல.

அடிப்படையான வினா இதுதான்: ஆசிரியர்கள் நாட்டின் தேவைக்கு மேல் பெருகிவிட்டார்களா? ஒன்றிய அரசு வெளியிட்ட 2024–25ஆம் கல்வியாண்டின் விவரப்படி, ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு இயங்கும் பள்ளிகள் ஒரு லட்சத்திற்கும் மேல். அவற்றில் பயிலும் குழந்தைகள் 33 லட்சத்திற்கும் மேல். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தாலும் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் இருந்தாக வேண்டும். அச்சட்டத்தின் 26ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டிற்கு மேல் காலியாக விடக்கூடாது என்கிறது. உலக அளவிலும் நிலை இதுவே: 2030க்குள் 4.4 கோடி ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை என்பது யுனெஸ்கோவின் கணக்கு. ஒருபுறம் ஆசிரியரில்லா வகுப்பறை, மறுபுறம் வகுப்பறையில்லா ஆசிரியர். இவ்விரண்டையும் இணைக்க மறுப்பது நிதிப் பற்றாக்குறை என்ற பெயரில் பொதுச்செலவைச் சுருக்கும் நவதாராளமயக் கொள்கையே.

பணியிடங்களை நிரப்ப மனமில்லாத அரசுகள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. முதலாவது, தேர்வுக்கு மேல் தேர்வு. தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டின் தகுதித் தேர்வில் வென்றோர் பணி ஆணைக்குக் காத்திருக்கையில், 2018இல் வந்த அரசாணை எண் 149, நியமனத்திற்கு மற்றொரு போட்டித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தகுதி பெற்றோர் மீண்டும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இரண்டாவது, குறைகூலி நியமனம். 2012இல் அதே மாநிலத்தில் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் அமர்த்தப்பட்டனர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 2021இல் அத்தொகை எட்டியது 10,000 ரூபாய். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக இடைநிலை ஆசிரியரை நியமிக்க நிர்ணயித்த தொகை 7,500 ரூபாய். ஏலத்தோட்டக் கூலியின் மகளுக்குப் பட்டம் தந்துவிட்டு, அவளைத் தோட்டக் கூலியிலும் குறைந்த ஊதியத்திற்குக் கற்பிக்கச் சொல்லும் ஏற்பாட்டிற்கு வேறென்ன பெயர் இருக்க முடியும்?

பிறரை விமர்சிக்கும் இத்தருணத்தில், இடதுசாரிகள் ஆட்சி செய்த மாநிலத்தில் நிகழ்ந்ததைப் பேசாது கடந்தால் நம் சொல்லுக்கு மதிப்பிராது. இடுக்கி உள்ளிட்ட மாவட்டங்களின் காட்டோரக் குடியிருப்புகளிலும் பழங்குடி ஊர்களிலும் இயங்கிவந்த ஓராசிரியர் கற்றல் மையங்கள் 2022இல் மூடப்பட்டன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மலைப்பாதைகளில் நடந்து சென்று கற்பித்தவர்கள் அவர்களுள் பலர். முந்நூறுக்கும் மேற்பட்ட அந்த ஆசிரியர்களுக்குப் பள்ளிகளில் துப்புரவுப் பணியும் கடைநிலைப் பணியும் மாற்றாக முன்வைக்கப்பட்டன. பலரிடம் விதிகள் கோரும் பயிற்சிச் சான்றிதழ் இல்லை என்பது உண்மை. குழந்தைகளை வசதி மிகுந்த பள்ளிகளுக்கு மாற்ற வேண்டும் என்ற நோக்கத்திலும் நியாயம் உண்டு. துப்புரவுப் பணி எவ்வகையிலும் இழிவானதன்று. இழிவென்று கருதுவது சாதியச் சமூகத்தின் பார்வை, நம்முடையதன்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: கற்பித்த காலமெல்லாம் மதிப்பூதியத்தில் நிறுத்தப்பட்டவருக்குப் பணிப் பாதுகாப்பு என்பது துடைப்பத்தோடுதான் வந்தது, கரும்பலகையோடு வரவில்லை. அவர்கள் கற்பித்த ஆண்டுகளைக் கணக்கில் கொண்டு, பயிற்சிக்கு வழிசெய்து, அதே மலையூர்களின் கல்விப் பணியில் இருத்தியிருக்க வேண்டும். நம் அணிகள் இதை அன்றே உரத்துக் கூறியிருந்தால் இயக்கத்தின் மதிப்பு உயர்ந்திருக்கும்.

அதே கேரளம் வேறொன்றையும் காட்டியது. தனியார் கல்வி நிறுவனங்களின் ஆசிரியைகளுக்கு மகப்பேற்றுப் பயன் சட்டத்தை விரிவுபடுத்தி, 26 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பை 2020இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது இடது ஜனநாயக முன்னணி அரசு. நாட்டிலேயே முதன்முதலாக இதைச் செய்த மாநிலம் கேரளம். ‘நல்ல சலுகைகள்’ என்பவை தொழிலை மாற்றிக்கொண்டு தேடிப் பெறும் பரிசுகள் அல்ல. கற்பிக்கும் தொழிலுக்குள்ளேயே சட்டத்தாலும் போராட்டத்தாலும் நிலைநாட்டத்தக்க உரிமைகள் என்பதற்கு இதுவே சான்று.

இந்த உரிமைகளை ஆசிரியர்கள் அறியாதிருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1988இல் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் என்பவர் தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் ‘தொழிலாளி’ அல்லர் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கற்பித்தல் உன்னதப் பணி என்ற புகழுரையோடு, தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு ஆசிரியருக்கு அடைக்கப்பட்டது. உன்னதம் என்று போற்றியே உரிமையைப் பறிக்கும் வித்தையை ஆளும் வர்க்கம் நன்கறியும். பணிக்கொடையிலும் இதே கதை. 2009இன் சட்டத் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியர்களைச் சேர்த்த பின்னும், தனியார் பள்ளி நிர்வாகங்கள் வழக்காடின. 2022 ஆகஸ்டில்தான் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதி செய்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் பள்ளியில் மாதம் 12,000 ரூபாய் ஊதியத்தில் பத்தாண்டு கற்பித்த ஆசிரியைக்கு உரிய பணிக்கொடை ஏறத்தாழ 69,230 ரூபாய். எல்லையின் இருபுறமும் உள்ள சிறு தனியார் பள்ளிகளில் இதைக் கேட்டுப் பெற்றவர் எத்தனை பேர் என்று நம் கிளைகள் விசாரிக்கட்டும். ஜூனில் அமர்த்தி மார்ச்சில் நிறுத்தி, மீண்டும் ஜூனில் அமர்த்தும் தந்திரம் எங்கெல்லாம் நடக்கிறது என்பதையும் சேர்த்து விசாரிக்கட்டும்.

குமுளி, பீர்மேடு, தேவிகுளம், பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிகளின் தமிழ் பேசும் இளைஞர்க்கு மற்றொரு தடையும் உண்டு. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் இணைந்தன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்று அதே ஆண்டில் அரசமைப்பில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கேரளத் தேர்வாணையம் தமிழ்வழிப் பணியிடங்களுக்குத் தனி அறிவிக்கை வெளியிடுவதும், தகுதித் தேர்வைத் தமிழில் எழுத முடிவதும் பாராட்டத்தக்கவை. ஆனால் மலையடிவாரத்தில் தேனியிலோ மதுரையிலோ பயின்று தமிழ்நாட்டுத் தகுதித் தேர்வில் வென்றவர், சுங்கச்சாவடியைக் கடந்ததும் தகுதியற்றவராகிறார். கேரளத்தின் தேர்வைப் புதிதாக எழுத வேண்டும். இதற்கிடையே தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கான பொதுப்பிரிவு வயது வரம்பாகிய 40 கடந்துவிடுகிறது. காசர்கோட்டில் கன்னடம் அறியாத ஆசிரியர் நியமனத்தை எதிர்த்துக் கன்னடவழி மாணவர்களே தெருவில் இறங்க நேர்ந்ததை மறக்கலாகாது. மொழியறிந்த ஆசிரியர் கிடைக்காமையால் ஓர் இடம் காலியாகக் கிடந்தால், பிள்ளைகள் குறைவர். பிள்ளைகள் குறைந்தால் பணியிடமே நீக்கப்படும். காலியிடத்தை நிரப்பாமையே பள்ளியை மூடுவதற்கான முதற்படி.

புதிய தேவையும் கண்முன் உள்ளது. ஏலத்தோட்டங்களில் இன்று அசாம், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்குகின்றனர். எர்ணாகுளத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டம், புலம்பெயர் தொழிலாளர் குழந்தைகளுக்கு அவர்தம் மொழி அறிந்தோரைத் துணையாசிரியராக்கிப் பயன் கண்டது. அத்தகைய முயற்சி மலைமாவட்டத் தோட்டங்களுக்கு விரிந்தால், அது பயிற்சி பெற்ற நூற்றுக்கணக்கானோர்க்கு மாற்றுத் தொழிலாக அல்ல, தம் தொழிலாகவே அமையும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951, 6 முதல் 12 வயது வரையான குழந்தைகள் 25க்கு மேற்பட்ட தோட்டங்களில் கல்வி வசதி செய்ய உரிமையாளரைப் பணிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. தோட்ட முதலாளிகளின் அந்தக் கடமை புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் விதிகளில் கரைந்து போகாமல் காப்பதும் நம் போராட்டத்தின் ஒரு பகுதி.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோலின்படி காலியிடங்கள் அனைத்தும் முறையான ஊதிய விகிதத்தில் நிரப்பப்பட வேண்டும். தமிழ்வழிப் பணியிடங்களுக்கு மொழியறிந்தோரே அமர்த்தப்பட வேண்டும். எல்லையோர மாவட்டங்களில் இரு மாநிலத் தகுதித் தேர்வுகளும் பரஸ்பரம் ஏற்கப்பட வேண்டும். மதிப்பூதியம், தொகுப்பூதியம் என்ற பெயர்களில் நடக்கும் சுரண்டல் ஒழிய வேண்டும். தனியார் பள்ளி ஆசிரியர்க்குச் சட்டப்படியான ஊதியம், வைப்புநிதி, பணிக்கொடை, மகப்பேற்று விடுப்பு ஆகியவை உறுதிசெய்யப்பட வேண்டும்.

கோரிக்கையோடு நம் கடமை முடிவதில்லை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பயிற்சி பெற்றுப் பணியற்றிருப்போரின் பட்டியலைத் தயாரிக்கட்டும். தேர்வாணையத்தில் பதிவு செய்யவும், சான்றிதழ்களின் சமநிலை பெறவும், வயது வரம்பு கடக்குமுன் விண்ணப்பிக்கவும் துணை நிற்கட்டும். ஊர் நூலகங்களில் மாலைநேரப் பயிற்சி தொடங்கட்டும். ஜீப் ஓட்டும் ஆசிரியரையும் கடையில் நிற்கும் ஆசிரியையையும் ‘தொழில் மாறியவர்’ எனக் கைவிடாது, அவரவர் தொழிலின் சங்கத்திலும் ஆசிரியர் இயக்கத்திலும் ஒருங்கே இணைப்போம். அவர்கள் கற்ற கல்வி வீணன்று. வீணாக்கும் ஆட்சிமுறைதான் மாற்றப்பட வேண்டியது. மாற்றுத் தொழில் தேடச் சொல்வோரிடம் நாம் கேட்பது மாற்றுக் கொள்கை.