பகிர்தலும் சான்று பகர்தலே

ஊடகங்கள் கெட்டுவிட்டன என்று சொல்லாத கத்தோலிக்கக் குடும்பத்தை நம்மிடையே காண்பது அரிது. திரைப்படம் இளைஞரைக் கெடுக்கிறது. தொலைக்காட்சித் தொடர் மாலை நேரத்துச் செபமாலையை விழுங்கிவிட்டது. நாளேடுகள் விற்பனைக்காக எதையும் எழுதுகின்றன. இக்குற்றச்சாட்டுகளில் உண்மை உண்டு. ஆயினும், இவை யாவும் பிறரைக் குறித்தவையாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும். தயாரிப்பவர் எவரோ, வெளியிடுபவர் எவரோ. நாமோ பார்த்துக் கெட்டுப்போன அப்பாவிகள்! இந்த வசதியான நிலைப்பாடு இனிச் செல்லாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய தன் ஆணையை வெளியிட்டது. எழுதுவோர், தயாரிப்போர், வெளியிடுவோர் ஆகியோரின் கடமைகளையும், வாசிப்போர், காண்போர், கேட்போர் ஆகியோரின் கடமைகளையும் அது தனித்தனியே எடுத்துரைத்தது. செய்தி உண்மையானதாகவும், நீதிக்கும் அன்புக்கும் உட்பட்டு முழுமையானதாகவும் இருக்க வேண்டும் என்றும் கற்பித்தது. அன்று அச்சகமோ வானொலி நிலையமோ இல்லாத ஒருவர் வெளியிடுவோர் ஆக முடியாது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வெளியிடுவோரே. அன்பியக் குழு, பாடகர் குழு, உறவினர் குழு என மூன்றில் ஒரு செய்தியை இட்டால் போதும், சில நூறு பேரை நொடியில் எட்டிவிடலாம். பத்திரிகை ஆசிரியருக்குச் சங்கம் விதித்த கடமை இப்போது நம் கைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நாமோ ஆசிரியரின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, வாசகரின் பொறுப்பின்மையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்குக் கொடுக்கும் விலை எத்தகையது என்பதைத் தமிழகம் அறியும். 2018ஆம் ஆண்டில், குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் வடக்கிலிருந்து வந்து இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்திகள் பரவின. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வத்தை வழிபட உறவினருடன் காரில் வந்த முதிய பெண்ணொருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரைக் கடத்தல்காரி என எண்ணிய கூட்டம் அடித்தே கொன்றது. உடன் வந்தோர் படுகாயமுற்றனர். நான்கு நாள் கழித்து, மே 13 ஞாயிறன்று, திருச்சபை உலக சமூகத் தொடர்பு நாளைச் சிறப்பித்தது. அவ்வாண்டு அந்நாளுக்கெனத் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட பொருள் போலிச் செய்தி. இதழியலாளரின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாளாகிய சனவரி 24 அன்றே அவரது மடல் வெளியாகியிருந்தது. ஏதேன் தோட்டத்துப் பாம்பின் சூழ்ச்சியோடு போலிச் செய்தியை அவர் அதில் ஒப்பிட்டிருந்தார். எச்சரிக்கை முன்னரே வந்துவிட்டது. கேட்கும் செவிகள்தாம் வேறு செய்திகளில் ஆழ்ந்திருந்தன.

அடித்த கைகளைக் காவல்துறை தேடிப் பிடிக்கலாம். அனுப்பிய விரல்கள் அத்தனையையும் எந்தச் சட்டமும் எண்ண முடியாது. "வந்ததை அப்படியே அனுப்பினேன், நானா எழுதினேன்?" என்பது அவ்விரல்களின் பதில். அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மீது மன்னன் ஆகாபு ஆசை கொண்டான். அரசி ஈசபேல் மன்னன் பெயரால் மடல் எழுதி முத்திரையிட்டாள். ஊர்ப் பெரியோர் மடலில் கண்டபடியே செய்தனர். இழிந்தோர் இருவர் பொய் கூறினர். மக்கள் நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றனர். அப்பெரியோரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? "மடல் வந்தது, அதன்படி நடந்தோம்" என்றுதானே? கல்லைத் தொடாத ஆகாபிடமே எலியா கொலைக்கணக்குக் கேட்டார் என்பதை மறவாதிருப்போம். எட்டாவது கட்டளை பொய்யை இட்டுக்கட்டியவரோடு நின்றுவிடுவதில்லை. பொய்ச்சான்றைத் தன் வாயால் வழங்கிய ஒவ்வொருவரையும் அது தொடுகிறது.

"நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினேன், நாலு பேர் எச்சரிக்கையாக இருக்கட்டுமே" என்பது அடுத்த சமாதானம். எச்சரிக்கை என்பது ஒருவரைக் குற்றவாளியாகச் சுட்டும் செயலாகும்போது, அதற்குச் சோதனையும் மிகுதியாகவே வேண்டும். தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில், மதிப்பிற்குரிய முதியோர் இருவர் சூசன்னாமீது பழி சுமத்தினர். சபை நம்பியது, கொலைத் தண்டனையும் விதித்தது. இளைஞரான தானியேல் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று மட்டும் கேட்டார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள்; பொய் உடைந்தது; ஓர் உயிர் பிழைத்தது. எங்கே நடந்தது? எப்போது நடந்தது? கண்டவர் யார்? இம்மூன்று கேள்விகளுக்கு விடையில்லாத செய்தியைப் பகிராதிருப்பது எவருக்கும் இயலாத தவமா?

"நம் பக்கத்துச் செய்திதானே" என்பது இன்னும் ஆபத்தான சமாதானம். 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக நடந்த வன்முறை மெய். உயிர்கள் பறிபோயின, ஆலயங்களும் வீடுகளும் எரிந்தன, மக்கள் காடுகளுக்குள் ஓடி ஒளிந்தனர். அத்துயரத்துக்கு மெய்யான சாட்சிகள் உண்டு. அவ்வாறிருக்க, எந்த நாட்டிலோ எப்போதோ எரிந்த ஆலயத்தின் படத்தை நேற்று இங்கே எரிந்ததாகப் பரப்புவோர் யாருக்கு உதவுகிறார்கள்? ஒரு பொய்ப்படம் அகப்பட்டால் மெய்யான கண்ணீரும் ஐயத்துக்குள்ளாகும். சிறுபான்மையினரின் கையிலுள்ள வலிய துணை உண்மையே. அதை நாமே மழுங்கடிக்கலாமா? திருத்தந்தை சொல்லாததை அவர் சொன்னதாகப் பரப்புவதும், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு நேரும் என்று புனிதரின் படத்தோடு மிரட்டுவதும் பக்திப் பணியாகா. பொய்க்குத் திருவுடை அணிவித்தாலும் அது பொய்யே.

செய்தி உண்மையாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? தக்க காரணமின்றிப் பிறர் குறையை அறியாதோர்க்கு வெளிப்படுத்துவதும் பாவம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. வள்ளுவரும் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பங்குப் பேரவைத் தேர்தல் நெருங்கும்போது ஒருவர் வீட்டுக் கடனும், இன்னொருவர் மகளின் திருமணச் சிக்கலும் குழுக்களில் வலம் வருவது எந்த நற்செய்திப் பணி?

2018 சூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பிட்டது. வணிக நிறுவனம் விரலுக்குக் கடிவாளமிட்டது. மனச்சான்றுக்குக் கடிவாளமிட வேண்டியவர் நாமல்லவா?

ஒன்றை மட்டும் வலியுறுத்தி முடிப்போம். பிறர் நற்பெயருக்கு விளைவித்த கேட்டுக்கு மன்னிப்புப் பெற்றாலும் ஈடு செய்யும் கடமை நீங்காது என்பது திருச்சபையின் போதனை. திருடியவர் பொருளைத் திருப்பித் தருவதுபோல, பெயரைக் கெடுத்தவர் பெயரைத் திருப்பித் தர வேண்டும். பொய்யெனத் தெரிந்ததும் ஓசையின்றி அழித்துவிடுவது ஈடு ஆகாது. படித்தவர் நெஞ்சிலிருந்து அது அழிவதில்லை. எந்தக் குழுவில் அனுப்பினோமோ, அதே குழுவில் "நான் அனுப்பியது பொய், நம்பாதீர்கள்" என்று எழுத வேண்டும். தலைகுனிவுதான்; ஆயினும் ஒப்புரவு அருட்சாதனத்தில் மண்டியிடப் பழகிய நமக்கு அது புதிதன்று. இதற்குத் துணிவில்லாதவர் ஊடக அறம் பற்றிப் பிறருக்குப் போதிக்க வேண்டாம்.