வெறுமையாய்க் கிடக்கும் கட்டடத்தை யாருக்காகத் திறப்பது?

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலுள்ள வீதியை மேவி வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மதரசாப் பிள்ளைகள் சிலர் சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் பெட்டியோடு நீரில் அடித்துச் செல்லப்பட்டது. சிலர் காப்பாற்றப்பட்டார்கள். மற்றவர்களின் உடல்களைத் தேடி எடுக்க நாட்கள் சென்றன.

யாரையும் குற்றஞ்சாட்டும் நோக்கத்தோடு இதை நாம் எழுதவில்லை. எனினும் அன்றிலிருந்து ஒரு கேள்வி எம்மை விடவில்லை. அந்த வீதியில் நீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது அந்தப் பக்கத்து வயற்காரருக்குத் தெரிந்திருக்கும். மேலே எந்தக் குளத்தின் கதவு திறந்திருக்கிறது என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குத் தெரிந்திருக்கும். வீதியை மூடும் அதிகாரம் இன்னொரு அலுவலகத்திடம் இருக்கும். இந்த மூன்றும் சந்திப்பதற்கு இக்கரையோரத்தில் ஒரு மேசை இருந்ததா?

அப்படியொரு மேசைக்குத்தான் அவசரகால நடவடிக்கை நிலையம் என்று பெயர். பாவனையின்றிக் கிடக்கும் அரச கட்டடம் ஒன்றைத் தெரிந்தெடுத்து, கல்முனைக் கரையோரத்துக்கென அத்தகைய நிலையமாக மாற்றவேண்டும் என்பதே எமது கருத்து. சொல்வது இலகு. ஆனால் எந்தக் கட்டடம், யார் கையில் என்ற இரண்டு கேள்விகளையும் சரிவரக் கேட்காவிட்டால், திறப்புவிழாக் கல் ஒன்று மட்டுமே எமக்கு மிஞ்சும்.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கடற்கோளின் பின்னர் வந்தது. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது. 117 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. மாவட்டத்துக்கான பிரிவு அம்பாறை நகரில் இருக்கிறது. இவை இல்லாதிருந்த காலத்தை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் எமது நிலத்தின் அமைப்பைப் பாருங்கள். பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரை ஊர்கள் மணலின் மேல் ஒரு ஒடுங்கிய கீற்றாகக் கிடக்கின்றன. கிழக்கே கடல். மேற்கே வயல். கல்லோயாப் பக்கத்திலிருந்து இறங்கும் வெள்ளம் அந்த வயலில் தேங்கித்தான் கடலுக்குப் போகவேண்டும். அப்போது மாவடிப்பள்ளி வீதியும் மூடும், நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதியும் மூடும். அம்பாறை நகரம் வேறொரு கரையாகிவிடும். உதவி எப்போது மிக அவசரமாகத் தேவைப்படுகிறதோ, அப்போதுதான் அதற்கான பாதையும் அறுகிறது. ஆகவேதான் பாதையின் இந்தப் பக்கத்திலும் ஒரு நிலையம் வேண்டும் என்கிறோம்.

கட்டடம் என்றதும் பலருக்கு அகதிமுகாமும் நிவாரணக் களஞ்சியமும்தான் மனதில் வரும். நாம் அத்தனை முகாம்களில் இருந்துவிட்டதால் அது இயல்பே. இது வேறு. இங்கே யாரும் தங்குவதில்லை. அரிசி மூட்டையும் அடுக்குவதில்லை. இரவிலும் தொலைபேசியை எடுக்க ஒருவர், மின்சாரம் போனால் இயங்க ஒரு ஜெனரேற்றர், தொலைபேசிக் கம்பிகள் அறுந்தால் பேச ஒரு வானொலிக் கருவி, சுவரில் வாய்க்கால்களும் தாம்போதிகளும் குறித்த பெரிய வரைபடம், எந்த வீட்டில் நடக்கமுடியாத முதியவர் இருக்கிறார், எங்கே பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் தாய் இருக்கிறாள் என்ற பட்டியல் — இவ்வளவே அதன் உள்ளடக்கம். 2004 டிசம்பர் 26 காலை எமக்கு இல்லாமற்போனது இதுதான். அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் எமதே. சுமாத்திராவில் பூமி அதிர்ந்ததற்கும் எமது கரையில் அலை ஏறியதற்கும் இடையே ஒன்றரை மணிநேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த நேரத்தில் எமக்கு ஒரு சொல் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இனி, எந்தக் கட்டடம்?

ஒரு கட்டடம் வெறுமையாய்க் கிடக்கிறதென்றால், அது ஏன் வெறுமையானது என்று முதலில் கேட்கவேண்டும். சிலவற்றின் அத்திவாரம் வெடித்திருக்கும். சிலவற்றில் மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சிலவற்றின் நிலம் யாரோ ஒரு கமக்காரரிடமிருந்து எடுக்கப்பட்டு, இன்னும் முறைப்பாடு தீராமல் இருக்கும். இந்த மூன்றாவது வகையை நாம் தொடவேகூடாது. நிலத்தை இழந்து நிற்பவர்களுக்கு மற்றொருவர் இழந்த நிலத்தின்மேல் பாதுகாப்பு வேண்டாம்.

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் நடந்ததை மறக்க முடியுமா? கடற்கோளில் வீடிழந்த குடும்பங்களுக்கென்று சவூதி அரேபியாவின் நன்கொடையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, பள்ளிவாசல் என்று ஒரு முழு ஊரே எழும்பியது. பின்னர் யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு எழுந்தது. வீடுகள் கையளிக்கப்படாமல், பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காடு மண்டிச் சிதைந்தன. வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று 2005இல் அறிவிக்கப்பட்டபோது, தம் வளவுக்கும் திரும்பமுடியாமல் புது வீட்டுக்கும் போகமுடியாமல் தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், பூட்டிக் கிடக்கும் ஒரு கதவு எவ்வளவு பாரம் என்று. அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறோம்: குடும்பங்களுக்கென்று கட்டிய வீடுகளை, “வெறுமையாய்த்தானே கிடக்கின்றன” என்று சொல்லி வேறு தேவைக்கு எடுக்கும் யோசனைக்கு நாம் உடன்படமாட்டோம். அலுவலகமாக இருந்த கட்டடம் அலுவலகமாகட்டும். வீடு வீடாகவே இருக்கட்டும்.

அடுத்தது உயரமும் கூரையும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நீர் எதுவரை ஏறியது என்பதை அந்தந்த ஊரில் கேட்டால் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். நிலையத்தின் தரை அந்த அடையாளத்துக்கு மேலே இருக்கவேண்டும். ஜெனரேற்றரும் மின்கலங்களும் அதற்கும் மேலே. 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளியைக் கண்டவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ஓடும் தகரமும் இரவோடிரவாகப் பறந்ததை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே குறைந்தது தொலைபேசி அறைக்காவது கொங்கிறீற் கூரை வேண்டும். கடலோரக் கட்டடம் கூடாது. வயலுக்குள் தனித்து நிற்கும் கட்டடமும் கூடாது. இரண்டுக்கும் நடுவில், பிரதான வீதிக்குக் கிட்ட, தாம்போதி எதையும் தாண்டாமல் ஊர்களிலிருந்து வந்துசேரக்கூடிய இடமே பொருந்தும். இப்படிப் பார்க்கும்போது பட்டியல் மிகவும் சுருங்கிவிடும். சுருங்கட்டும். பிழையான கட்டடத்துக்குச் சாயம் பூசுவதைவிட ஒரு வருடம் பொறுத்திருப்பது மேல்.

கட்டடம் கிடைத்தாலும் வேறொரு ஆபத்து உண்டு. அனர்த்தம் தினமும் வருவதில்லை. முதல் வருடம் அலுவலர் இருப்பார். மூன்றாம் வருடம் ஜெனரேற்றர் பழுதாகும். ஐந்தாம் வருடம் கட்டடம் மறுபடியும் பூட்டப்படும். இந்தியாவின் ஒடிசாவில் 1999 ஒக்டோபரில் வீசிய பெரும் சூறாவளியில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். அதன் பின்னர் அங்கே கரையோரமெங்கும் புயல் பாதுகாப்பு மண்டபங்கள் எழும்பின. அவற்றில் பல சாதாரண நாட்களில் பாடசாலையாக இயங்குகின்றன. தினமும் கூட்டித் துடைக்கப்படுவதால் கதவு துருப்பிடிப்பதில்லை, திறப்பு யாரிடம் என்று தேடவேண்டியதில்லை. 2013இல் பைலின் புயல் வந்தபோது அங்கே சுமார் பத்து இலட்சம் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். உயிரிழப்பு சில பத்துப் பேரோடு நின்றது. மண்டபம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. வீடுவீடாகப் போய்க் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். வங்காளதேசத்திலும் 1972 முதல் ஊர்த் தொண்டர்கள் கொடியும் ஒலிபெருக்கியும் கொண்டு இதே வேலையைச் செய்து வருகிறார்கள்.

எமது நிலையத்திலும் தினசரி வேலை ஒன்று நடக்கவேண்டும். கமக்காரர் அமைப்புகளின் கூட்டம், உர விண்ணப்பம், மழைமானி வாசிப்பு, முதலுதவி வகுப்பு ஆகியவற்றுக்கு வருபவர்கள் அந்தக் கட்டடத்தின் வழியை இருட்டிலும் அறிவார்கள்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறோம். மழை கூடினால் எமது பிள்ளைகளின் பாடசாலைகளே முகாம்களாகின்றன. பெரும்போகத்தின் மழையும் பரீட்சையும் ஒரே காலத்தில் வருகின்றன. 2024 நவம்பரில் தொடங்கிய உயர்தரப் பரீட்சை இரண்டே நாளில் நிறுத்தப்பட்டது. ஈரத்தில் நிற்கும் குடும்பத்தை யாரும் வெளியே போகச் சொல்லமுடியாது. ஆனால் எந்தக் கட்டடம் எதற்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் பாடசாலைப் பூட்டைத்தான் முதலில் உடைக்கவேண்டி வராது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம்: யார் கையில்?

வெள்ளத்தைப் பற்றி எமக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. எந்த வாய்க்காலின் கட்டு முதலில் உடையும் என்பது வட்டவிதானைக்குத் தெரியும். சாய்ந்தமருதுப் பக்கத்துத் தோணாவின் வாயை எப்போது வெட்டிவிட வேண்டும் என்பது கரைவலைக்காரருக்குத் தெரியும். ஒரு நாள் பிந்தினால் வீடுகளுக்குள் தண்ணீர். ஒரு நாள் முந்தினால் உப்பு உள்ளே ஏறும். இடம்பெயர்ந்து கரைக்கு வந்து கூலிவேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் ஒருகாலத்தில் இதே வயல்களின் நீரைப் பங்கிட்டவர்கள். இவர்கள் யாரும் இல்லாத நிலையத்தில் கணினி இருக்கும், சீருடை இருக்கும், ஆனால் “கிட்டங்கியில் இப்போது தண்ணீர் எவ்வளவு?” என்று கேட்டால் பதில் இருக்காது. முன்பொரு வெள்ளத்தில் எம்மில் சிலர் ஓர் அலுவலகத்துக்குப் பல தடவை அழைத்தோம். கடைசியில் எடுத்தவர் எமது ஊர் எந்தப் பக்கம் என்று எம்மிடமே கேட்டார். அவர் கெட்டவரல்லர்; வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்.

ஆகவே இரவுக் கடமையில் தமிழில் பேசத் தெரிந்தவரும் சிங்களத்தில் பேசத் தெரிந்தவரும் கட்டாயம் இருக்கவேண்டும். கதவு திறக்கப்போகிறது என்ற செய்தி மேலிருந்து எந்த மொழியில் வந்தாலும், அது பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் மணியிலும் நிமிடங்களில் ஊருக்குப் போய்ச்சேரவேண்டும். கல்முனையில் எந்தப் பிரதேச செயலகத்தின் எல்லை எதுவரை என்ற இழுபறி நெடுங்காலமாகத் தீராமல் இருக்கிறது. அதைப் பற்றி இரு பக்கத்தாருக்கும் நியாயங்கள் உண்டு. அதைத் தீர்க்கும் இடம் இதுவல்ல. நிலையம் இந்த இழுபறிக்குள் அகப்பட்டால் நுரைச்சோலையின் கதைதான் மீண்டும். பெரியநீலாவணையில் தமிழ்க் குடும்பத்தின் முற்றத்தில் நிற்கும் நீர்தான் மருதமுனையில் முஸ்லிம் குடும்பத்தின் முற்றத்துக்கும் வரப்போகிறது. எனவே நிலையத்தின் குழுவில் இரு சமூகத்தாரும், பெண்களும் பெயர் குறித்து இடம்பெறவேண்டும். பெண்களை நாம் மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. 2004இல் பல வீடுகளில் அந்த நேரம் இருந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே.

“இவ்வளவுக்கும் பணம் எங்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. புதுக் கட்டடம் கேட்டால் அந்தக் கேள்வி சரி. நாம் கேட்பது ஏற்கெனவே மக்கள் பணத்தில் கட்டிய ஒன்றைத் திருத்துவதற்கு. அதைவிடக் கடினமானது கையொப்பம். ஒரு திணைக்களத்தின் பெயரிலுள்ள கட்டடம் இன்னொரு திணைக்களத்துக்கு மாறவேண்டுமென்றால் கடிதங்கள் கொழும்புவரை போய்த் திரும்பவேண்டும். மழை அதுவரை காத்திருக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதில் மலைநாடே பெரிதும் அடிபட்டது. அடுத்தது எந்தப் பக்கம் என்று யார் சொல்வார்?

பெரும்போக விதைப்புக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். நீர் திறக்கும் திகதியும் விதைக்கும் திகதியும் அங்கேதான் தீர்மானமாகின்றன. நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல உத்தியோகத்தரும் அரச நிர்வாகத்தினரும் ஒரே மண்டபத்தில் எம்முன் அமர்வது வருடத்தில் அந்த நாள்களில்தான். உங்கள் கமக்காரர் அமைப்பு இம்முறை இதையும் எழுத்தில் கொண்டுபோகட்டும்: எமது பகுதியில் பாவனையின்றிக் கிடக்கும் அரச கட்டடங்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தத் திணைக்களத்தினது, 2011இல் அதன் தரையில் தண்ணீர் நின்றதா, திறப்பு யாரிடம் இருக்கிறது. பதில் அறிக்கையில் பதியப்படும்வரை எழுந்துவிடாதீர்கள்.