கமராவை எங்கே வைப்பது?

நான்கு சுவர்களுக்குள் ஆடப்பெறும் ஸ்குவாஷ் ஆட்டத்தைப் படம்பிடித்தல் எளிதன்று. பின்சுவருக்கு மேலே நிற்கும் கமரா களம் முழுவதையும் காட்டும். ஆனால் கண்ணை ஏய்த்தும்விடும். 9.75 மீற்றர் நீளக் களம் அதிற் குறுகித் தோன்றும். பின்மூலையிலிருந்து பாய்ந்தோடி முன்சுவரருகே எடுத்த பந்து, நின்றபடியே எடுத்ததுபோலிருக்கும். வீரரின் முகமோ தெரியாது, முதுகுதான்!

கண்ணாடிச் சுவர்கள் வந்தபின்னரே முன்னும் பக்கத்திலும் கமரா வைக்க வழி பிறந்தது. அக்களங்களிற் கறுப்புப் பந்தும் வெள்ளையாயிற்று. நீளத்தை உள்ளபடி காட்டுவது பக்கக் கமராவே. அதனை மீள்காட்சிக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது நமக்கு உடன்பாடன்று. 2028 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறவிருக்கிறது. அன்று இவ்வாட்டத்தைப் புதிதாய்க் காணும் வீட்டார்க்கு, வீரர் ஓடிய ஓட்டத்தையாவது கமராக்கள் மறைக்காதிருக்கட்டும்.